காட்டை நடுவதா, வரவிடுவதா?

ஓரக்காடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவின் பொறுப்பில் ஒரு நிலம் வந்திருக்கிறது. முன்பு உழுத வயல், பல வருடமாகச் சும்மா கிடக்கிறது. மேற்கு எல்லை முழுக்கப் பழைய இயல்காடு, யாரும் நட்டதல்ல. வயலில் பாதிக்கு மேல் உண்ணிச்செடிப் (லண்டானா) புதர், மீதி புல். ஆடு மாடு உள்ளே வரும். வறண்ட மாதங்களில் எப்போதாவது தீ.

மழை தொடங்கியதும் ஆயிரக்கணக்கில் நாட்டு மரக்கன்று நட்டுவிட வேண்டும் என்று குழுவில் எல்லோருக்கும் ஆசை. எனக்குத்தான் இழுபறி. காட்டோரம் போய்ப் புல்லை விலக்கிப் பார்த்தால் கன்றுகள் ஏற்கனவே நிற்கின்றன. மாடு கடித்து, தழைத்து, மறுபடி கடிபட்டு, குட்டையாகிப் போனவை. இவை இருக்கும்போது குழி வெட்டி வேறு கன்று நடத்தான் வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

புல்லாந்தரை

அதற்கும் முன்னால் ஒன்று. உழவுக்கு முன் அந்த இடம் காடாகத்தான் இருந்ததா? பக்கத்தில் காடு இருக்கிறது என்பது மட்டும் சாட்சியாகாது. காடும் புல்வெளியும் அடுத்தடுத்தே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நின்ற இடங்கள் உலகில் ஏராளம். புல்வெளிக்கென்றே உள்ள கிழங்குச் செடிகள், தரையில் கூடு கட்டும் பறவைகள் தென்பட்டால் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். அங்கே மரம் நடுவது மீட்பு அல்ல, வேறொரு வாழிடத்தை அழிப்பது. இயற்கை ஆர்வலர்கள் கையால் செத்த புல்வெளிகள் கொஞ்சநஞ்சமல்ல.

ஓரக்காடு

நல்ல கேள்வி. பழைய நில வரைபடத்தில் காட்டின் எல்லை வயலையும் சேர்த்தே ஓடுகிறது. வரப்போரம் பெரிய அடிக்கட்டைகள் இன்னும் உளுத்துக் கிடக்கின்றன. புல்லும் தரிசில் வரும் புல்தான். காடு என்றே நினைக்கிறோம்.

வால்காக்கை

அப்படியானால் உங்கள் நிலைமைக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும் உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. மங்க்ஸ் வுட் என்ற பழைய காட்டை ஒட்டிய பயிர் வயல், சுமார் 4 ஹெக்டேர். 1961இல் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். 1996இல் பக்கத்துப் புல்நிலம் ஒன்றையும் விட்டார்கள். ஒரு கன்றுகூட நடவில்லை. 2021இல் வெளியான ஆய்வின்படி முதல் வயல் முழுக் காடாகிவிட்டது, மரங்களில் பாதிக்கு மேல் ஓக்.

எனக்குப் பிடித்தது ஓக் எப்படி வந்தது என்பதுதான். அதன் விதை கனமானது, காற்றில் பறக்காது. ஜே என்கிற காக்கைக் குடும்பத்துப் பறவை குளிர்காலத்துக்காக விதைகளை ஒவ்வொன்றாக மண்ணில் புதைத்து வைக்கும். தின்னாமல் விட்டதெல்லாம் முளைத்துவிடும். பக்கத்தில் முயலும் மானும் இருந்தன. ஆனாலும் கன்றுகள் தப்பித்தன, ஏனென்றால் முதலில் வந்தது முட்புதர். முள்ளுக்குள் முளைத்ததை மேய்வதற்கு எந்த மானும் மூக்கை நீட்டாது. பத்துப் பதினைந்து வருடம் அந்த வயலைப் பார்த்தவர்கள் 'பாழாய்க் கிடக்கிறது' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கன்றுவண்டி

உதாரணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. அங்கே தீ இல்லை, மாட்டு மந்தை இல்லை, உண்ணிச்செடி இல்லை. கேட்டவரின் நிலத்தில் மூன்றும் இருக்கின்றன. 'சும்மா விடு, வரும்' என்பது கேட்க நன்றாக இருக்கும். நான் பார்த்த பல இடங்களில் சும்மா விட்டதில் வந்தது களைதான்.

நடவேண்டிய இடமும் உண்டு. ஸ்காட்லாந்தின் தெற்கில் காரிஃப்ரன் என்ற பள்ளத்தாக்கு, சுமார் 650 ஹெக்டேர். செம்மறியும் ஆடும் மேய்ந்து மேய்ந்து மொட்டையாகிவிட்டது. விதை தரத் தாய்மரமே அக்கம்பக்கத்தில் கிடையாது. சாதாரண மக்கள் நன்கொடை திரட்டி அதை வாங்கி, 2000 ஜனவரி 1 அன்று முதல் கன்றுகளை நட்டார்கள். அதன் பிறகு 5 லட்சத்துக்கும் மேல் நட்டிருக்கிறார்கள். காத்திருந்திருந்தால் இன்றைக்கும் மொட்டைதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். எந்த மரத்தை நடுவது என்பதை அவர்கள் யாருடைய விருப்பத்துக்கும் விடவில்லை. மேட்டுச் சதுப்பின் கரிமண்ணில் அடுக்கடுக்காகப் படிந்து கிடந்த பழைய மகரந்தத்தை ஆராய்ந்து, ஆறாயிரம் வருடத்துக்கு முன் அங்கே என்னென்ன நின்றன என்று தெரிந்துகொண்டுதான் பட்டியல் போட்டார்கள். நடுகிறவர்கள் எல்லோரும் அவசரக்காரர்கள் இல்லை!

வால்காக்கை

அதையேதான் நானும் சொல்கிறேன், அண்ணா. காரிஃப்ரனில் தாய்மரம் இல்லை, நட்டார்கள். இவருக்கு மேற்கு எல்லை முழுக்கத் தாய்மரம். உங்கள் உதாரணமே என் பக்கம் பேசுகிறது.

வேர்த்தூவி

இரண்டு பேரும் விதையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் கடிபட்ட கன்றுகள்தான் கண்ணில் நிற்கின்றன. அவற்றைக் கன்று என்று எண்ணவேண்டாம். மேலே ஒரு முழம் இருக்கும், கீழே பல வருடத்து வேர். நீங்கள் நாற்றங்காலில் இருந்து கொண்டுவரும் பை நாற்றுக்கு அந்த வேர் கிடைக்க எத்தனை மழை வேண்டும்?

நைஜர் நாட்டில் நடந்தது இதுதான். 1980களில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் அங்கே மரம் நடும் திட்டம் ஒன்றை நடத்தினார். நட்டதில் பெரும்பகுதி செத்தது. பிறகுதான் வயலில் புதர் என்று எல்லோரும் நினைத்தவை வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைத் துளிர்கள் என்பதைக் கவனித்தார். உழவர்கள் கட்டைக்குச் சில நல்ல தண்டுகளை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிட்டார்கள், மேய்ச்சலில் இருந்து காத்தார்கள். நட்ட செலவே இல்லாமல் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் வந்தது. அது காடு அல்ல, மரமுள்ள விளைநிலம். அந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது. ஆனாலும் வேர் செய்கிற வேலை எங்கேயும் ஒன்றுதான்.

ஆகவே ஓரக்காடு, முதல் செலவு கன்றுக்கு வேண்டாம், வேலிக்குச் செய்யுங்கள். முழு நிலத்துக்கும் முடியாவிட்டால் பத்தடிக்குப் பத்தடி அடைப்பு நாலைந்து போடுங்கள். காட்டோரம் ஒன்று, நடுவில் ஒன்று, தூர மூலையில் ஒன்று என்று. ஒரு மழைக்காலம் போகட்டும். உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன வருகிறது என்று பாருங்கள். நடவேண்டுமா என்பதற்கு நிலமே பதில் சொல்லிவிடும். நாங்கள் எழுதுவதெல்லாம் ஊகம்.

சும்மாஒருவன்

எத்தனை வருஷம் ஆகும்ங்க காடு ஆக? நம்ம ஆயுசுல பாக்க முடியுமா?

வேர்த்தூவி

எது திரும்புவதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெப்பமண்டலத்தில் கைவிட்ட நிலங்களைப் பற்றி 2021இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, பல அளவைகளைச் சேர்த்துப் பார்த்தால் 20 ஆண்டில் முதுகாட்டின் நிலையில் சராசரியாக 78 சதவீதம் வந்துவிடுகிறது என்றது. மண் பத்து வருடத்துக்குள்ளேயே தேறிவிடுகிறது. காட்டின் உயர அடுக்கு, அமைப்பு எல்லாம் 25 முதல் 60 வருடம். இன்னின்ன மரம் இத்தனை என்ற கலவையும் மொத்த எடையும் பழையபடி ஆக 120 வருடத்துக்கு மேல்.

நிழலில் நடக்க ஆயுசு போதும். மீதியைப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும்.

ஆனால் இந்தக் கணக்கு அருகில் காடு மிஞ்சியிருந்து, மண் கெட்டுப்போகாத இடங்களுக்குத்தான். இருக்கும் பழைய காட்டை வெட்டிவிட்டு 'வளர்த்துக்கொள்ளலாம்' என்று சொல்ல யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

விதைப்பை

வால்காக்கை சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. தாய்மரம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, விதையைத் தூக்கி வர ஆள் வேண்டும். சிறு பழங்களைச் சின்னக்குருவிகளும் வௌவாலும் கொண்டுவந்துவிடும். பெரிய கொட்டை உள்ள மரங்களுக்கு இருவாச்சி போன்ற பெரிய வாய்க்காரர்கள் வேண்டும். அவை போய்விட்ட காட்டில் பெரிய விதை மரத்தடியிலேயே விழுந்து கிடக்கும். மரத்தடியில் விழுந்தால் என்ன என்று கேட்கலாம். அந்த மரத்தையே குறிவைக்கும் பூச்சியும் பூஞ்சையும் அங்கேதான் மொய்த்துக்கிடக்கும், தாயை விட்டு விலகியதே பிழைக்கும். 1970களின் தொடக்கத்தில் ஜான்சென், கானெல் என்ற இருவர் தனித்தனியாகச் சொன்னது இது. வெப்பக்காட்டில் ஒரே மரம் கும்பலாக நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

மொரீசியஸ் கரையோரம் இல் ஓ எக்ரெட் என்ற குட்டித் தீவு. அங்கே கருங்காலி இன மரம் ஒன்றின் பழத்தை விழுங்கி விதை பரப்பிய பேராமைகள் அழிந்துபோயின. கடைசியில் அல்டாப்ரா தீவில் இருந்து வேறு இனப் பேராமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பழத்தைத் தின்று போட்ட இடத்திலெல்லாம் கன்று. ஆமையைப் போய்க் கொண்டுவாருங்கள் என்று சொல்லவில்லை! உங்கள் காட்டில் யார் காணாமல் போனார்களோ, அவர்கள் சுமந்த விதைகளை மட்டும் நீங்கள் சுமந்தால் போதும் என்கிறேன். தானாக வரும் மரத்தை நடுவது வீண்வேலை. வரமுடியாததை நடுங்கள்.

எப்படி நடுவது என்றால் வரிசையாக வேண்டாம், திட்டுத் திட்டாக. கோஸ்ட்டா ரிக்காவின் தெற்கே கேரன் ஹோல், ரக்கான் ஸகாவி இருவரும் 2004இல் இருந்து இதைச் சோதித்தார்கள். பழைய மேய்ச்சல் நிலத்தில் சில இடங்களில் முழுக்க நட்டார்கள், சில இடங்களில் தீவுபோலச் சிறு திட்டுகளாக மட்டும் நட்டார்கள், சிலவற்றைச் சும்மா விட்டார்கள். திட்டு நட்ட இடம் முழுக்க நட்ட இடத்துக்கு ஏறக்குறைய ஈடாகவே தேறியது, கன்று மட்டும் பல மடங்கு குறைவு. பறவை உட்கார ஒரு கிளை, கீழே புல்லை அடக்க ஒரு நிழல். அவ்வளவுதான் திட்டின் வேலை. மீதியைப் பறவை எச்சம் பார்த்துக்கொள்ளும்.

விதை சேகரிக்கும்போது ஒரே மரத்தில் மடி நிறையப் பொறுக்காதீர்கள். பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஈரக்காட்டு மர விதைகள் பல காயவைத்தால் செத்துவிடும், உடனே போட வேண்டும். இரவல் விதையை நம்பி 'நாட்டு மரம்' என்ற பேரில் எங்கிருந்தோ வந்ததை நடுவதைவிடச் சும்மா இருப்பது மேல்.

பச்சைக்கிறுக்கு

இவ்வளவு யோசனை எதற்கு? மியாவாக்கி முறையில் நெருக்கி நட்டால் மூன்று வருடத்தில் காடு. சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்று, முடிந்தது கதை.

கன்றுவண்டி

நான் நடுகிற கட்சி. ஆனாலும் இதற்குத் தலையாட்ட மாட்டேன். அகிரா மியாவாக்கி ஜப்பானில் ஆலயங்களைச் சுற்றி மிஞ்சிய பழஞ்சோலைகளைப் பார்த்து, அந்தந்த மண்ணில் இயல்பாக எது நிற்கும் என்று வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டு நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் இப்போது. சிமென்ட் சூழ்ந்த நகரத் துண்டுக்கு அது சரி. பழைய காட்டை ஒட்டிய வயலில், அதுவும் வறட்சி உள்ள இடத்தில், ஒரே வயதுக் கன்றுகளைக் குச்சிக்கட்டு மாதிரி நெருக்கினால் பாதி ஒன்றையொன்று அமுக்கியே சாகும். மூன்று வருடத்தில் வருவது தோப்பு. பொந்தும் உளுத்த கட்டையும் இல்லாததைக் காடு என்று நான் எழுதமாட்டேன்.

ஓரக்காடு

எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறேன். உண்ணிச்செடியை என்ன செய்வது? வெட்டினால் இன்னும் கனமாகத் தழைக்கிறது. மண்வாரி எந்திரம் வைத்து ஒரேயடியாகத் தள்ளிவிடலாம் என்கிறார் ஒருவர்.

களைக்கொத்தி

எந்திரம் வேண்டவே வேண்டாம். உண்ணியோடு சேர்த்துக் கன்று, மேல்மண், விதை எல்லாம் போகும். கிளறிய மண்ணில் அடுத்த மழைக்கு உண்ணிதான் முதலில் முளைக்கும், முன்பைவிட அடர்த்தியாக.

கிளையை வெட்டுவதும் வீண். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் இருந்துதான் அது தழைக்கிறது. மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே, கழுத்துக்கு அடியில் ஆணிவேரை வெட்டுங்கள். செடியைத் தூக்கித் தலைகீழாக நிறுத்துங்கள். தரையில் படுக்கப் போட்டால் தண்டு மண்ணில் பட்ட இடத்தில் வேர்விடும். காய் பழுக்கும் முன் செய்யவேண்டும்.

ரொம்ப முக்கியம்: ஒரே வீச்சில் முழுவதையும் எடுக்காதீர்கள். அந்தப் புதருக்குள் இப்போது குருவி, கீரி, காட்டுக்கோழி எல்லாம் குடியிருக்கும். அடியில் நாட்டு மரக்கன்றும் நிற்கும். கையால் விலக்கிப் பார்த்துவிட்டு அரிவாளை வையுங்கள். காட்டோரத்தில் இருந்து பட்டை பட்டையாக வெளியே வாருங்கள். எடுத்த பட்டையில் நாட்டுச் செடி ஏறிய பிறகு அடுத்தது. பறவை உட்காரும் மரங்களுக்குக் கீழே தொடர்ந்து உண்ணி முளைத்துக்கொண்டே இருக்கும், அதை இளசிலேயே பிடுங்கவேண்டும். வருடக்கணக்கான வேலை இது. ஒரு நாள் விழா வைத்து முடிகிற சமாச்சாரம் இல்லை.

சும்மாஒருவன்

கோஸ்ட்டா ரிக்கான்னதும் ஞாபகம் வருது. அங்க ஆரஞ்சுத் தோலக் கொட்டி காடு வந்துச்சுன்னு படிச்சேன். நெஜமா?

விதைப்பை

நிஜம்தான். குவானகாஸ்டே பாதுகாப்புப் பகுதியில் 1990களில் பழச்சாறு ஆலைக் கழிவு சுமார் 12,000 டன், 3 ஹெக்டேர் கெட்டுப்போன மேய்ச்சல் நிலத்தில் கொட்டப்பட்டது. போட்டி நிறுவனம் வழக்குப் போட்டு நிறுத்தியது. பதினாறு வருடம் கழித்து அளந்தபோது, கொட்டாத பக்கத்தைவிட மரத்தின் நிறை 176 சதவீதம் அதிகம். தோல் புல்லை மூச்சடைக்க வைத்தது, மண்ணுக்கு உரமும் ஆனது. ஆனால் அது ஒரே ஒரு இடம், பக்கத்திலேயே காடு. இதைப் படித்துவிட்டு லாரி லாரியாகக் குப்பை கொட்டக் கிளம்பாதீர்கள்.

ஓரக்காடு

இன்னொரு சண்டை குழுவில். காட்டோரம் பட்டுப்போன பெரிய மரங்கள் நாலைந்து நிற்கின்றன. பூச்சி பரவும், பார்க்கவும் அசிங்கம், வெட்டிவிடலாம் என்கிறார்கள்.

பட்டைவண்டு

வெட்டாதீர்கள். பட்ட மரம்தான் காட்டின் விலை மதிப்பில்லாத சொத்து, நட்டு வாங்கமுடியாத சொத்தும் அதுதான். மரங்கொத்தி அதில் பொந்து குடையும். அது விட்டுப்போன பொந்தில் கிளி, ஆந்தை, மைனா, அணில், தேனீ. தானாகக் குடையத் தெரியாத இந்தக் கூட்டம் பெரும்பாலும் மரங்கொத்தியின் பழைய வீட்டை நம்பித்தான் இருக்கிறது. கூண்டுப்பெட்டி மாட்டலாமே என்பார்கள். மாட்டலாம், ஆனால் மெல்லிய பலகைப் பெட்டி வெயிலில் கொதிக்கும், இரவில் குளிரும். அடிமரத்துப் பொந்து அப்படிக் கொதிக்காது. மரம் விழுந்த பின் வண்டுப் புழு, பூஞ்சை, பூரான், தேரை என்று இன்னொரு ஊர் குடிவரும்.

பூச்சி பரவும் என்ற வாதம் புதிதல்ல. போலந்து-பெலாரூஸ் எல்லையில் பியாவோவியேஷா என்ற பழங்காடு. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களில் பட்டைவண்டு பெருகிவிட்டது என்று காரணம் சொல்லி 2016இல் வெட்டும் அளவைப் போலந்து அரசு ஏறக்குறைய மூன்று மடங்காக உயர்த்தியது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஏப்ரலில் அது சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் காட்டின் பெருமையே விழுந்ததை விழுந்தபடி விட்டதால் வந்ததுதான். என் பெயரைப் பார்த்துவிட்டுக் கட்சி சார்ந்து பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம் :)

பாதையோரம் ஆள் மேல் விழும் நிலையில் இருந்தால் மட்டும் கிளைகளைக் குறைத்து, தண்டை நிற்கவிடுங்கள். விறகுக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே கிடத்துங்கள்.

கேமராக்கண்

நான் வேறு பக்கத்தில் இருந்து வருகிறேன். நடுகை நாள் என்றால் கூட்டம் வருகிறது, பிள்ளைகள் வருகிறார்கள். நீங்கள் சொல்கிறபடி வேலி போட்டுக் காத்திருந்தால் யார் வருவார்கள்? காட்டை ரசிக்கிறவன்தான் நாளைக்கு அதற்காகச் சண்டை போடுவான்.

வேர்த்தூவி

நியாயமான கவலை. ஆனால் மண்வெட்டி பிடித்தால்தான் காடு பிடிக்கும் என்பதில்லை. வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்து ஒரு இரவு உட்காரவையுங்கள், வந்து ஒட்டும் அந்துப்பூச்சிகளைப் பார்த்துப் பிள்ளைகள் தூங்கமாட்டார்கள். முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் காலையில் குருவிக்கு விருந்தாகிவிடும். தானாக வந்த கன்றுகளைத் தேடிக் குச்சி நட்டு அடையாளம் வைப்பது இன்னொன்று. அது ஒரு புதையல் வேட்டை. எங்கள் குழுவில் நடுகைக்கு வந்தவர்களைவிட இதற்கு வந்தவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு இழுக்காதீர்கள். எதிராளி வந்துவிட்டான் என்று அது கூட்டை விட்டுச் சண்டைக்கு வரும். கூடு தெரிந்தால் இடத்தை எங்கேயும் போடாதீர்கள்.

களைக்கொத்தி

செருப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் கௌரி என்ற மாபெரும் மரங்களை வேரழுகல் நோய் கொல்கிறது. காரணமான ஃபைட்டோஃப்தோரா என்ற நுண்ணுயிரி மண்ணோடு மண்ணாக மனிதர் காலணியில் ஏறிப் பயணம் செய்யும். பாதை வாசலில் காலணியைத் தேய்த்துக் கழுவி மருந்தில் நனைக்கும் இடங்களே வைத்திருக்கிறார்கள். வைட்டாகெரே மலைக்காட்டுக்குள் யாரும் போகவேண்டாம் என்று அங்கத்திய மவோரி மக்கள் 2017 டிசம்பரில் தடை அறிவித்தார்கள். காட்டை நேசிப்பவர்கள் காலிலேயே அதன் சாவு ஒட்டிக்கொண்டு போகிறது என்றால் பாருங்கள். உங்கள் காட்டில் அந்த நோய் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உண்ணி விதையும் பார்த்தீனியம் விதையும் சேற்றில் ஒட்டித்தான் வருகின்றன.

நெறியாளர்

படமெடுப்பு நெறிகளுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். அதைப் பற்றிய பதில்களை அங்கே தொடருங்கள். இங்கே நிலம் பற்றி மட்டும்.

ஓரக்காடு

குழுவில் பேசிவிட்டோம். இந்த மழைக்குப் பெரிய நடுகை இல்லை. காட்டோரப் பகுதிக்கு வேலி, மீதியில் நாலு சோதனை அடைப்பு, எல்லையைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடு, உண்ணி முதல் பட்டை. மேய்க்கிறவர்களிடமும் பேசியாயிற்று. தூரப்பக்கத்துப் புல்லை அறுத்துக் கொண்டுபோகலாம், மாட்டை உள்ளே விடவேண்டாம் என்று ஏற்பாடு. பட்ட மரங்கள் நிற்கும், ஒன்றுக்குக் கிளை மட்டும் குறைக்கிறோம். காட்டை விட்டு விலகிய கிழக்கு மூலையில் பெரிய விதை மரங்களாக மூன்று திட்டு நடுகிறோம், விருப்பப்பட்டவர்களுக்கு அது.

கன்றுவண்டி

சரி, ஏற்கிறேன். ஆனால் கணக்கு வேண்டும். திட்டில் நட்டதில் முதல் வறட்சியைத் தாண்டியது எத்தனை, அடைப்புக்குள் தானாக வந்ததில் தாண்டியது எத்தனை, இரண்டையும் இதே இழையில் எழுதுங்கள். நட்டதை மட்டும் எண்ணிப் படம் போடுகிற வழக்கம் வேண்டாம், முளைத்ததை மட்டும் எண்ணி வால்காக்கை துள்ளுவதும் வேண்டாம்.

வால்காக்கை

அதற்கு நான் தயார்!

ஓரக்காடு

எழுதுகிறேன், அண்ணா. ஒவ்வொரு கன்றுக்கும் எண் போட்ட தகரத் துண்டு கட்டப்போகிறோம்.

களைக்கொத்தி

தண்டில் கட்டாதீர்கள். பருக்கும்போது கம்பி பட்டையை அறுத்துவிடும். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அதில் கட்டுங்கள்.